நோன்பு திறந்த பிறகு வரும் அந்த இருபது நிமிடம்

மஃரிப் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலின் பின்மதில் பக்கம் ஒரு தடவை போய்ப் பாருங்கள். பேரீச்சம்பழமும் கஞ்சியும் வயிற்றுக்குள் போய்க் கால் மணித்தியாலம்கூட ஆகியிருக்காது. ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். ஒருவரிடம் லைட்டர் இருக்கும், மற்றவர்கள் அவரைச் சுற்றி நிற்பார்கள். சில வருடங்களுக்கு முன்பு வரை அந்த லைட்டர்க்காரன் நான்தான்.

நான் பாடசாலை ஆசிரியர். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டபோது எனக்கு எட்டு வயது. புத்தளத்து முகாமில் வேலையில்லாமல் குந்தியிருந்த பெரியவர்களின் கையில் எப்போதும் பீடி இருந்ததைப் பார்த்து வளர்ந்தவன். ஆனாலும் பழக்கம் எனக்கு அங்கே வரவில்லை. ஆசிரியர் கலாசாலை விடுதியில், பாடக்குறிப்பு எழுதும் இரவுகளில் வந்தது. சுகாதாரப் பாடத்துக்குப் புகைத்தலின் தீமைகள் பற்றிப் படம் வரைந்துவிட்டு, அதைக் காயவைத்த நேரத்தில் வெளியே போய் ஒன்று பற்றவைத்தேன். பிறகு 14 வருடம்.

தீமை தெரியாமல் யாரும் புகைப்பதில்லை. ஹராமா மக்ரூஹா என்ற விவாதத்தையும் நாங்கள் எல்லோரும் போதுமான அளவு கேட்டுவிட்டோம். சிகரட் பெட்டியில் 80 சதவீத இடத்தைப் படத்துடன் கூடிய எச்சரிக்கை பிடித்திருக்கிறது. அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் பெட்டியைத் திறக்கிறோம். எனவே இந்தக் கட்டுரையில் நுரையீரலின் படத்தைக் காட்டி யாரையும் பயமுறுத்தப் போவதில்லை. எப்படி விடுவது என்பதை மட்டும் பேசுவோம்.

நோன்பாளி 13 மணித்தியாலத்துக்கு மேல் ஒரு சிகரட்டும் இல்லாமல் இருக்கிறார். அப்படியானால் அவருக்கு மன உறுதி இல்லை என்று எப்படிச் சொல்வது? என் மனைவி கேட்ட கேள்வி இது. “பகல் முழுக்க இருக்க முடிகிற ஆளுக்கு ராத்திரியில மட்டும் என்ன வருது?” எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்த பிறகுதான் விளங்கியது.

புகையை உள்ளே இழுத்தால் நிக்கோட்டின் 10 முதல் 20 விநாடிகளுக்குள் மூளைக்குப் போய்விடும். இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் பாதியாகும். அதனால்தான் பழகியவருக்கு மணித்தியாலத்துக்கு ஒன்று தேவைப்படுகிறது. பகல் முழுக்கப் பட்டினி கிடந்த மூளைக்கு இஃப்தாருக்குப் பிறகு கிடைக்கும் முதல் சிகரட் மற்ற எதையும் விடப் பலமாக வேலை செய்யும். தலை சுற்றும், உடம்பு லேசாகும். அந்தச் சுகத்தை மூளை அந்த நேரத்தோடும் அந்த மதிலோடும் அந்தப் பிளேன்ரீயோடும் சேர்த்து முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்கிறது. பகலில் “இப்போது கிடையாது” என்று மனம் முடிவெடுத்துவிட்டதால் ஆசை அவ்வளவாக எழும்புவதில்லை. இரவில் அந்த முடிவு இல்லை. நாம் ஜெயிக்க வேண்டியது நோன்பு திறந்த பிறகு வரும் இருபது நிமிடத்தையும், அதற்குப் பிறகு சஹர் வரைக்கும் உள்ள நேரத்தையும்தான்.

விட்டவருக்கு எரிச்சல், தூக்கக் குறைவு, பசி, மலச்சிக்கல், கவனம் நிற்காமை எல்லாம் வரும். முதல் வாரத்தில் கடுமையாக இருக்கும், மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ரமழானின் 29 அல்லது 30 நாளோடு இது அப்படியே ஒத்துப்போவதைக் கவனியுங்கள். ஒவ்வொரு தடவை எழும்பும் ஆசையும் சில நிமிடங்களில் தானாகத் தணியும். அந்தச் சில நிமிடங்களுக்குக் கைக்கும் வாய்க்கும் ஒரு வேலை வேண்டும், அவ்வளவுதான்.

“கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து விடுகிறேன்” என்பது நம்மவர் எல்லோரும் சொல்வது. நானும் இரண்டு தடவை அப்படித்தான் முயன்று தோற்றேன். இங்கிலாந்தில் 697 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2016 இல் வெளிவந்தது. ஒரு நாளைக் குறித்து அன்றே முழுதாக நிறுத்தியவர்களில் 49 சதவீதமானோர் நான்கு வாரம் கழித்தும் புகைக்காமல் இருந்தார்கள். படிப்படியாகக் குறைத்தவர்களில் அது 39 சதவீதம். இரு பிரிவினருக்கும் தாதியின் ஆலோசனையும் நிக்கோட்டின் மாற்று மருந்தும் கொடுக்கப்பட்டன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். துணையே இல்லாமல் தனியே முயல்பவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர்கூட ஒரு வருடம் தாக்குப்பிடிப்பதில்லை. “ஆம்பிளை எண்டால் ஒரே நாளில விடவேணும்” என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரே நாளில் விடுவது சரி, தனியே விடுவதுதான் பிழை.

துணை என்றால் என்ன? உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூலையில் புகையிலையை விடுவதற்கான முதலாவது சிகிச்சை வழிகாட்டியை வெளியிட்டது. வைத்தியரோ தாதியோ 30 விநாடி முதல் மூன்று நிமிடம் வரை அக்கறையாகப் பேசினாலே பலன் உண்டு என்கிறது அது. தொலைபேசி ஆலோசனையையும் பரிந்துரைக்கிறது. மருந்துகளில் நிக்கோட்டின் மாற்று, வேரனிக்லைன், புப்ரோபியோன், சைட்டிசின் ஆகியவற்றைச் சொல்கிறது. மின்-சிகரட் அந்தப் பட்டியலில் இல்லை. “வேப் அடிச்சு விடலாம் சேர்” என்று என்னிடம் சொன்ன பழைய மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

நிக்கோட்டின் மாற்று என்பது பெரும்பாலும் சூயிங்கம் அல்லது தோலில் ஒட்டும் பட்டை. புகையில் உள்ள தாரும் காபன் மொனொக்சைட்டும் இல்லாமல் நிக்கோட்டினை மட்டும் அளவாகக் கொடுத்துப் பிறகு குறைப்பார்கள். இந்தச் சூயிங்கத்தைச் சாதாரண சூயிங்கம் போலச் சப்பக்கூடாது. நாலைந்து தடவை சப்பி, காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் முரசுக்கும் இடையில் ஒதுக்கி வைக்க வேண்டும். அதற்குக் கால் மணித்தியாலம் முன்னதாகத் தேத்தண்ணி, கோப்பி குடித்தால் சரியாக உறிஞ்சப்படாது. நோன்பு காலத்தில் இதை இஃப்தாருக்குப் பிறகுதான் பாவிக்கலாம். பகலில் பட்டை ஒட்டுவது பற்றி உங்கள் மௌலவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மற்ற மாத்திரைகள் வைத்தியர் எழுதித்தர வேண்டியவை. வலிப்பு உள்ளவர்களுக்குப் புப்ரோபியோன் ஆகாது. எல்லாப் பாமசியிலும் எல்லாம் இருக்கும் என்று நம்பிப் போகாமல், முதலில் வைத்தியரைக் காணுங்கள். அரச வைத்தியசாலைகளில் உள்ள சுகவாழ்வு நிலையங்களில் சீனியும் பிரஷரும் பார்க்கும்போதே புகைப்பழக்கத்தைப் பற்றியும் பேசலாம். பலர் அங்கே பிரஷரை மட்டும் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் வந்துவிடுகிறார்கள்.

தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகாரசபையின் ஆலோசனை இலக்கம் 1948. சுதந்திரம் கிடைத்த வருடம் என்பதால் பாடம் பண்ணத் தேவையில்லை. தமிழில் பேச வேண்டும் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

என் விடயத்தில் பெரிய உதவி மல்லித்தண்ணி. சிரிக்க வேண்டாம். புகைப்பவரின் உடம்பு தேயிலையில் உள்ள கபேனை வேகமாக வெளியேற்றும். புகையை விட்டதும் அந்த வேகம் குறைந்துவிடும், எனவே வழக்கமான அளவு தேத்தண்ணியே படபடப்பைக் கொடுக்கும். அந்தப் படபடப்பை நாம் சிகரட் ஆசை என்று எண்ணிக்கொள்வோம். மனைவி ஒரு வார்த்தை சொல்லாமல் இஃப்தார் மேசையில் பிளேன்ரீக்குப் பதில் மல்லித்தண்ணி வைத்தார். நான் பின்மதில் பக்கம் போகாமல் முன்வாசலால் வெளியேறி, மூத்த மகனோடு வீடு வரை நடந்தேன். தராவீஹுக்கு வேறு வழியால் போனேன். முதல் பத்து நாள் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். பொறுத்துக்கொண்டார்கள்.

அந்த மகனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய வருடம், அவனுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, சோம்பலில் அவனிடம் காசு கொடுத்துக் கடைக்கு அனுப்பினேன். ஒரு தனிச் சிகரட்டைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து தந்தான். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பது குற்றம். விற்றது கடைக்காரர், அனுப்பியது நான். மறுநாள் வகுப்பில் என்னால் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஒருவர் விடுவதற்கு ஊரும் இடம் கொடுக்க வேண்டும். இந்தக் குடாநாட்டுச் செம்மண்ணில் புகையிலை ஒரு காலத்தில் பொன் விளைந்த மாதிரி விளைந்தது. யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூர் வரைக்கும் போனது. சுருட்டு என்றாலே யாழ்ப்பாணம்தான். அப்படிப்பட்ட மாவட்டத்தில்தான் வேறொன்றும் நடந்தது. 2018 இல் நாடு முழுவதும் 107 சிறு நகரங்களில் கடைக்காரர்கள் சிகரட் விற்பதை நிறுத்தியிருப்பதாகச் சுகாதார அமைச்சு அறிவித்தது. அதில் 22 நகரங்கள் யாழ்ப்பாண மாவட்டத்தில். எந்த மாவட்டத்தையும் விட அதிகம். யாரும் சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்தியதல்ல, கடைக்காரர்கள் தாங்களாகச் செய்தது.

நம் சமூகத்தில் கடை வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். சிகரட் வாங்க வருபவர்தான் பாணும் சீனியும் வாங்குவார், அதை நிறுத்தினால் வியாபாரம் விழும் என்பது அவர்களின் பயம். அது பொய்யான பயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தெருவில் ஒரு கடை மட்டும் நிறுத்தினால்தான் அந்த நட்டம், எல்லாரும் ஒன்றாக நிறுத்தினால் வாடிக்கையாளர் வேறெங்கே போவார்? முழுதாக முடியாவிட்டாலும் ரமழான் மாதத்திலும், பள்ளிவாசலுக்கும் பாடசாலைக்கும் பக்கத்திலும் தனிச் சிகரட் விற்காமல் இருக்கலாம். பெட்டி வாங்கக் காசில்லாத மாணவனும், விட்டு ஐந்தாம் நாள் தடுமாறுகிறவனும் வந்து நிற்பது அந்தத் தனிச் சிகரட்டுக்காகத்தான். பள்ளிவாசல் நிர்வாகம் ஒரு ஜும்ஆவுக்குப் பி.எச்.ஐ. ஒருவரை அழைத்துப் பத்து நிமிடம் கொடுப்பதும் பெரிய செலவில்லை.

புத்தளத்திலேயே தங்கிவிட்ட என் நானாவும் சென்ற ரமழானில் ஆரம்பித்தார். அவருக்கு 56 வயது, இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். பெருநாள் கழித்தும் விட்டிருந்தார். நாற்பத்தோராவது நாள் ஒரு வலீமா வீட்டில் சிநேகிதர்கள் நீட்ட, ஒன்று குடித்துவிட்டார். “எல்லாம் போச்சுடா தம்பி” என்று இரவு பதினொரு மணிக்குப் போன் எடுத்தார். எத்தனை குடித்தீர்கள் என்று கேட்டேன். ஒன்று என்றார். நாற்பது நாளில் ஐந்நூறு சிகரட்டாவது குடிக்காமல் விட்டிருக்கிறீர்கள், ஒன்றுதான் குடித்திருக்கிறீர்கள், நாளைக்கு நாற்பத்திரண்டாவது நாள் என்று எழுதுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அந்த இலக்கத்தைத் திரும்பக் கேட்டார். 1948 என்றேன்.