கடவுச்சொல் சரியே, கதவு ஏன் திறக்கவில்லை?

தபால்காரரின் வருகைக்காக வாசலில் காத்திருந்த காலம் போய், கணிப்பொறித் திரையின் முன் காத்திருக்கும் காலம் வந்துவிட்டது. உதவித்தொகை முதல் வேலைவாய்ப்பு வரை மின்னஞ்சலில் வரும் செய்திகள் ஏராளம். அந்த அஞ்சலை எடுத்துத் தரும் தண்டர்பேர்ட், அவுட்லுக் போன்ற மென்பொருள்கள், புதுப்பிக்கப்பட்ட பின் சில சமயம் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்கத் தொடங்கிவிடுகின்றன. இதன் காரணம் என்ன? தீர்வு என்ன? சுருக்கமாகக் காண்போம்.

பழைய முறையில், மென்பொருள் நம் கடவுச்சொல்லைத் தன்னிடமே வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் சர்வருக்கு அனுப்பும். இது வீட்டுச் சாவியை வேலையாளிடமே விட்டுவைப்பது போன்றது. சாவி களவு போனால் வீடே களவு போகும். 2012ஆம் ஆண்டில் விதிகள் வெளியான 'ஓஆத் 2.0' என்னும் முறை வேறு வகையானது. கடவுச்சொல்லை நாம் அஞ்சல் நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தில் மட்டுமே தருகிறோம். அந்நிறுவனம் மென்பொருளுக்கு ஓர் அனுமதிச் சீட்டை வழங்குகிறது. நாம் வைத்திருக்கும் பஸ் பாஸைப் போல, அது குறித்த வேலைக்கு மட்டுமே செல்லும். வேண்டாதபோது ரத்து செய்துவிடலாம்.

கூகுள் 2022 மே 30 முதல் தனிநபர் கணக்குகளுக்குப் பழைய முறையை விலக்கிக்கொண்டது. மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபர் முதல் அலுவலகக் கணக்குகளுக்கும், 2024 செப்டம்பர் 16 முதல் தனிநபர் கணக்குகளுக்கும் அவ்வாறே செய்தது. ஆகவே கடவுச்சொல் சரியாக இருந்தும், காட்டும் முறை பழையதாக இருந்தால் சர்வர் மறுத்துவிடும். மறுப்பைக் கண்ட மென்பொருளோ கடவுச்சொல்தான் தவறு என்று எண்ணி மீண்டும் கேட்கும்!

எங்கள் ஊர் ஜெராக்ஸ் கடையில் இதை நேரில் கண்டேன். "தம்பி, என் பாஸ்வேர்டு எனக்கே மறந்துபோச்சா?" என்று கலங்கிய கடைக்கார அண்ணன், அதை மூன்று முறை மாற்றியும் பயனில்லை. ஊர்ப் பிள்ளைகள் அச்செடுக்க அனுப்பிய சான்றிதழ்கள் உள்ளே கிடந்தன. உதவித்தொகைக்கு மறுநாளே கடைசி நாள். பின்வரும் வழியில் அரை மணி நேரத்தில் பெட்டி திறந்தது.

முதலில், அதே கடவுச்சொல்லால் இணைய உலாவியில் அஞ்சலைத் திறந்து பாருங்கள். திறந்தால் கடவுச்சொல் சரி. அதை மாற்ற வேண்டாம். இரண்டாவதாக, மென்பொருளின் சர்வர் அமைப்புகளில் 'சாதாரணக் கடவுச்சொல்' என்றிருப்பதை 'ஓஆத்2' என மாற்றுங்கள். மூன்றாவதாக, அஞ்சல் அனுப்பும் சர்வருக்கும் இதையே செய்யுங்கள். பலர் இதை மறந்துவிடுவதால் அஞ்சல் வரும், போகாது. நான்காவதாக, சேமித்த பழைய கடவுச்சொல்லை நீக்கிவிட்டு மென்பொருளை மூடித் திறவுங்கள். தண்டர்பேர்டில் குக்கீகளுக்கு அனுமதி இருப்பதும் அவசியம். ஓஆத் அறியாத பழைய மென்பொருளாயின், கூகுள் கணக்கில் இருபடிச் சரிபார்ப்பை ஏற்படுத்தி, அது தரும் 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல்லைப் பயன்படுத்தலாம்.

என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னைப் போன்றோர் வீட்டில் இதையெல்லாம் கேட்டறிய ஆளில்லை. அதனால் திரை கேட்டதும் அஞ்சித் தட்டச்சு செய்துவிடுகிறோம். மோசடிக்காரர்கள் எதிர்பார்ப்பதும் இந்த அச்சத்தைத்தான். நண்பர்களே, கடவுச்சொல்லைக் கொடுக்குமுன் கேட்பது யார் என்று முகவரியைப் பாருங்கள். அறிந்ததை வீட்டாருக்கும் ஊராருக்கும் எடுத்துச் சொல்லுங்கள். நாம் கற்ற கல்விக்கு அதுவே பயன்!