கறுப்புத் திரை டிபக்கருக்கு ஒரு கலர் விண்டோ

சி மொழியில் முதல் புரோகிராம் எழுதி, அது திரையில் வணக்கம் சொன்னதைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அதற்கு அடுத்த கட்டம் கொஞ்சம் கசப்பானது. கம்பைலர் எந்தத் தவறையும் காட்டாது. புரோகிராமும் பாதியில் நிற்காது. ஆனால் விடை மட்டும் தப்பாக வரும். எனக்கு அது ஒரு பால் கணக்கில் வந்தது.

என் சித்தி 14 வீடுகளுக்குப் பால் ஊற்றுகிறார். எந்த வீட்டுக்கு எத்தனை அரை லிட்டர் என்று தினமும் காலண்டரில் குறித்துவைத்து, மாதக் கடைசியில் உட்கார்ந்து கூட்டுவார். அந்த வேலையைக் குறைக்கலாமே என்று ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். அது அரை லிட்டரின் விலையைக் கேட்கும், மாதத்துக்கு எத்தனை நாள் என்று கேட்கும், பிறகு நாள்வாரியாக அளவைக் கேட்டுவிட்டு பில் தொகையைச் சொல்லும். ஜூன் மாதக் கணக்கு பைசா பிசகாமல் வந்தது. ஜூலை மாதக் கணக்கில் ஒரு வீட்டுக்கு 124 ரூபாய் என்றது.

"என்னப்பா இது, தினம் ஒரு லிட்டர் வாங்குற வீடு. மாசத்துக்கு நூத்தி இருபத்தி நாலு ரூபாயா? நான் இதை நம்பி சீட்டு எழுதிக் கொடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்றார் சித்தி. அரை லிட்டர் 25 ரூபாய் வீதம் 1550 ரூபாய் வரவேண்டிய வீடு அது. இன்னொரு வீட்டுக்குப் பூஜ்யம் என்றே காட்டியது. புரோகிராமை மூன்று முறை வரிவரியாகப் படித்தேன். எல்லாம் சரியாகவே இருப்பதுபோல் தெரிந்தது. நாமே எழுதியதை நாமே படித்தால் அப்படித்தான் தெரியும். இனி டிபக்கர்தான் கதி என்று முடிவு செய்தேன்.

டிபக்கர் என்பது இன்னொரு புரோகிராமை ஓடவிட்டு, நாம் சொல்லும் வரியில் நிறுத்தி, அந்த நேரத்தில் எந்த வேரியபிளில் என்ன மதிப்பு இருக்கிறது என்று காட்டும் ஒரு கருவி. இவற்றில் மிகவும் புகழ்பெற்றது ஜிடிபி எனப்படும் குனு டிபக்கர். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986ல் இதை எழுதினார். முற்றிலும் இலவசம். ஒரே ஒரு சங்கடம், இதற்கென்று பட்டன்கள், மெனுக்கள் கொண்ட விண்டோ கிடையாது. கறுப்புத் திரையில் ஜிடிபி என்ற எழுத்துகளை அடைப்புக்குறிக்குள் காட்டிவிட்டு, நாம் என்ன சொல்லப்போகிறோம் என்று காத்திருக்கும். பிரேக், ரன், நெக்ஸ்ட், பிரின்ட் என்று ஒவ்வொரு கட்டளையாக டைப் செய்து என்டர் தட்ட வேண்டும். மவுஸோடு பழகியவர்களுக்கு இது காட்டில் விட்டதுபோல் இருக்கும்.

அதனால் இந்த டிபக்கரை ஒரு ஐடிஇக்குள் இணைத்துப் பயன்படுத்துகிறோம். புரோகிராம் எழுதும் எடிட்டர், கம்பைலர், டிபக்கர் ஆகிய மூன்றையும் ஒரே விண்டோவில் கொண்டுவருவதுதான் ஐடிஇ. நான் பயன்படுத்துவது கோட் பிளாக்ஸ். இதுவும் இலவசம்தான்.

சர்வரும் சமையல்காரரும்

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பிறகு வரும் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஓட்டலில் சர்வரிடம் நெய் ரோஸ்ட் கேட்கிறோம். சர்வர் தோசை சுடுவதில்லை. உள்ளே போய் மாஸ்டரிடம் சொல்கிறார், வந்ததை நம் மேஜையில் வைக்கிறார். கோட் பிளாக்ஸ் செய்வதும் இதே வேலைதான். நீங்கள் டிபக் பட்டனை அழுத்தியதும் அது ஜிடிபியைப் பின்னணியில் ஓடவிடுகிறது. ஒரு வரியின் ஓரத்தில் க்ளிக் செய்து சிவப்புப் புள்ளி வைத்தீர்களானால், 'இந்த ஃபைலில் இந்த வரியில் நிறுத்து' என்ற பிரேக் கட்டளையை உங்களுக்குப் பதிலாக அது டைப் செய்து அனுப்புகிறது. ஜிடிபி எழுத்தில் தரும் பதிலைப் படித்து, எந்த வரியில் நின்றது என்று மஞ்சள் முக்கோணத்தால் காட்டுகிறது.

மனிதர் படிப்பதற்காக எழுதப்பட்ட பதிலை ஒரு புரோகிராம் படித்துப் புரிந்துகொள்வது சிரமமான வேலை. பதிலில் ஒரு சொல் மாறினாலும் குழப்பம்தான். அதனால் ஜிடிபியில் மெஷின் இன்டர்ஃபேஸ் என்று தனியாக ஒரு பேச்சுமுறையும் வைத்திருக்கிறார்கள். விஷுவல் ஸ்டுடியோ கோட் போன்றவை ஜிடிபியோடு அந்த முறையில்தான் பேசுகின்றன. எந்த முறையானாலும் உள்ளே வேலை செய்வது அதே ஜிடிபிதான். எனவே டிபக்கிங் சரியாக நடக்காதபோது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, தவறு சர்வரிடமா, அடுக்களையிலா என்பதே.

இணைக்கும் முறை

கோட் பிளாக்ஸ் இணையதளத்தின் டவுன்லோட் பக்கத்தில் விண்டோஸுக்கென்று பல ஃபைல்கள் இருக்கும். பெயரில் மின்ஜிடபிள்யூ என்ற எழுத்துகள் உள்ள செட்டப் ஃபைலை எடுங்கள். அதில்தான் கம்பைலரும் ஜிடிபியும் சேர்ந்து வருகின்றன. மற்றதை எடுத்துவிட்டு, டிபக்கர் எங்கே என்று தேடுபவர்கள் நிறையப் பேர்.

நிறுவியபின் செட்டிங்ஸ் மெனுவில் டிபக்கர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இடப்பக்கம் ஜிடிபி/சிடிபி டிபக்கர் என்பதன் கீழே டிஃபால்ட் என்றிருக்கும். அதை க்ளிக் செய்தால் வலப்பக்கம் எக்ஸிகியூட்டபிள் பாத் என்று ஒரு கட்டம் தெரியும். அது காலியாகவோ சிவப்பாகவோ இருந்தால், கோட் பிளாக்ஸ் ஃபோல்டருக்குள் மின்ஜிடபிள்யூ, அதற்குள் பின் என்ற ஃபோல்டரில் உள்ள ஜிடிபி ஃபைலைக் காட்டுங்கள். இணைப்பு என்று பெரிதாகச் சொல்கிறோமே, அது இந்த ஒரு கட்டம்தான். அப்படியே மேலே காமன் என்பதை க்ளிக் செய்து, ஃபுல் டிபக் லாக் என்பதில் டிக் செய்துவிடுங்கள். காரணம் பிறகு தெரியும்.

தனி ஃபைலாகத் திறந்து வைத்த புரோகிராமை கோட் பிளாக்ஸில் டிபக் செய்ய முடியாது. புதிய ப்ராஜெக்ட் ஒன்றை உருவாக்கி அதற்குள் கொண்டுவர வேண்டும். ப்ராஜெக்ட் ஃபோல்டரின் பெயரில் இடைவெளியும் வேண்டாம், தமிழ் எழுத்தும் வேண்டாம்.

எஃப் 5 அழுத்தினால் கர்சர் உள்ள வரியில் சிவப்புப் புள்ளி வரும். எஃப் 8 அழுத்தினால் டிபக்கிங் தொடங்கும், நின்ற இடத்திலிருந்து தொடர்வதற்கும் அதுவே. எஃப் 7 அடுத்த வரிக்குப் போகும். நீல நிற டர்போ சியில் பழகிய கைகள் இங்கே தடுமாறும். அங்கே எஃப் 8 என்பது ஒரு வரி நகர்வதற்கு. இங்கே அதை அழுத்தினால் அடுத்த சிவப்புப் புள்ளி வரை ஒரே ஓட்டமாக ஓடிவிடும். எனக்கே பலமுறை இப்படிக் கை நழுவியிருக்கிறது.

நிற்காத சிவப்புப் புள்ளி

எல்லாம் செய்துவிட்டு, விலையை வாங்கும் வரிக்கு அடுத்த வரியில் சிவப்புப் புள்ளி வைத்து எஃப் 8 அழுத்தினேன். புரோகிராம் நிற்கவே இல்லை. கறுப்பு விண்டோவில் 31 நாள் கணக்கையும் வாங்கிக்கொண்டு அதே 124ஐக் காட்டிவிட்டுப் போய்விட்டது. அரை மணி நேரம் மெனுக்களில் தேடியபின்தான் கீழே டிபக்கர் என்ற டேபில் லாக் ஓடியிருப்பதைப் பார்த்தேன். ஜிடிபி அங்கே தெளிவாகச் சொல்லியிருந்தது, டிபக்கிங் சிம்பல் எதுவும் இல்லை என்று.

டூல்பாரில் டிபக், ரிலீஸ் என்று இரண்டு வகை உண்டு. நான் ரிலீஸ் என்பதில் வைத்திருந்தேன். டிபக் வகையில் கம்பைலருக்கு மைனஸ் ஜி என்ற ஆப்ஷன் சேர்ந்து போகும். எந்த மெஷின் கோட் எந்த வரிக்கு உரியது, எந்த வேரியபிள் மெமரியில் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு அப்போதுதான் புரோகிராமோடு சேர்த்து எழுதப்படும். அந்தக் குறிப்பு இல்லாமல் 'இந்த வரியில் நில்' என்றால் ஜிடிபிக்கு எந்த வரி என்றே தெரியாது. டிபக் என மாற்றி, ரீபில்ட் செய்தேன். சிவப்புப் புள்ளியில் சமர்த்தாக நின்றது.

டிபக் மெனுவில் டிபக்கிங் விண்டோஸ் என்பதற்குள் வாட்சஸ் என்பதைத் திறந்தால் வேரியபிள்களும் அவற்றின் மதிப்பும் தெரியும். விலை 25 என்றே இருந்தது. நாள்வாரி அளவுகளை டைப் செய்யத் தொடங்கினேன். முதல் நாள், இரண்டாம் நாள், ஐந்தாம் நாள். எல்லாம் சரி. ஒவ்வொரு நாளுக்கும் எஃப் 7ஐ அழுத்தி அழுத்தி 31 வரை போவதற்குள் பொறுமை போய்விடும்.

இங்கேதான் கறுப்புத் திரைக் கட்டளை கைகொடுத்தது. அந்த டிபக்கர் டேபின் அடியில் கமாண்ட் என்று ஒரு சிறிய கட்டம் இருக்கிறது. அதில் டைப் செய்வது நேராக ஜிடிபிக்குப் போகும். சர்வரைத் தாண்டி மாஸ்டரிடமே பேசுவது போல. அதில் வாட்ச் என்ற கட்டளையைத் தந்து பக்கத்தில் விலை வேரியபிளின் பெயரைக் கொடுத்தேன். இந்த மதிப்பு எப்போது மாறினாலும் அங்கேயே நிறுத்து என்று அதற்குப் பொருள். வாட்சஸ் விண்டோ மதிப்பைக் காட்டும், அவ்வளவுதான். இந்தக் கட்டளை காவல் காக்கும். நம் பிசிக்களில் உள்ள இன்டெல், ஏஎம்டி புரோசசர்களில் இதற்கென்றே நான்கு முகவரி ரெஜிஸ்டர்கள் இருப்பதால் புரோகிராமின் வேகமும் குறைவதில்லை.

எஃப் 8 அழுத்தி, முதல் 30 நாளுக்கும் 2, 2 என்று கொடுத்துக்கொண்டே வந்தேன். எதுவும் நடக்கவில்லை. 31ம் நாளுக்கு 2 என்று கொடுத்து என்டர் தட்டியதும் நின்றது. பழைய மதிப்பு 25, புதிய மதிப்பு 2 என்று லாக் காட்டியது.

நாள்வாரி அளவுகளை வைக்க நான் எழுதியிருந்த அரேயில் 30 இடங்கள்தான் இருந்தன. ஒரு மாதம் என்றால் 30 நாள் என்று கை பழக்கத்தில் எழுதிவிட்டேன். அதே ஸ்ட்ரக்சரில் அரேக்கு அடுத்த இடத்தில் விலை இருந்தது. 31ம் நாளின் 2 போய் விலையின் மேல் உட்கார்ந்துகொண்டது. 62 அரை லிட்டர், அரை லிட்டர் 2 ரூபாய், ஆக 124. பூஜ்யம் காட்டிய வீட்டில் 31ம் தேதி பால் வாங்கவில்லை. ஜூனில் 30 நாள்தான் என்பதால் தவறு வெளியே தெரியவே இல்லை. அரேயின் எல்லையைத் தாண்டுகிறாய் என்று சி மொழி நம்மைத் தடுப்பதில்லை.

30ஐ 31 ஆக்கினேன். யாராவது 32 நாள் என்று கொடுத்தால் மறுபடி இதே கதைதான் என்பதால், நாள் எண்ணிக்கையைச் சோதிக்கும் ஒரு வரியையும் சேர்த்தேன். பில்ட் செய்யும்போது பெர்மிஷன் டினைட் என்று வந்தது. பயப்பட வேண்டாம், டிபக்கர் இன்னும் பழைய புரோகிராமைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஸ்டாப் டிபக்கர் கொடுத்துவிட்டுப் பில்ட் செய்யுங்கள், சரியாகிவிடும்.

அந்த வீட்டுக்கு 1550 வந்தது. சித்தி மட்டும் இன்னமும் இரண்டு வீட்டுக்காவது காலண்டரைப் பார்த்துக் கூட்டிச் சரிபார்த்த பிறகுதான் சீட்டு எழுதுகிறார்.