டாலர் நாணயமும் வெள்ளியும்

அயல்நாடு சென்று மீளும் உறவினர் கொணரும் பொருள்களுள் ஓரிரு நாணயங்களும் இருத்தல் உண்டு. அமெரிக்க டாலர் ஒன்று கைக்கு வந்ததும், “இது வெள்ளியா?” என்பதே வீட்டார் எழுப்பும் முதல் வினா. வினா எளிது, விடை அத்துணை எளிதன்று. ஒரு டாலர் என்னும் ஒரே பெயர் தாங்கிய காசுகளுள் 24 கிராம் வெள்ளி உடையதும் உண்டு. துளியும் வெள்ளி இல்லாததும் உண்டு. இவ்வேறுபாட்டை அறியாதார் வெள்ளியின் விலை கொடுத்துச் செம்பை வாங்குவர். அன்றேல், கிடைத்தற்கரிய காசினை உருக்குவதற்கு விற்றுவிடுவர்.

1878-ஆம் ஆண்டு முதல் 1935-ஆம் ஆண்டு வரை வெளிவந்த மார்கன் டாலர், அமைதி டாலர் ஆகிய இரண்டும் ஒரே கலவையால் ஆனவை. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி, எஞ்சியது செம்பு. எடை 26.73 கிராம். இவற்றுள் கோடிக்கணக்கானவை அழிந்துபோயின. முதல் உலகப் போரின்போது இந்தியாவில் வெள்ளி ரூபாய்க்குப் பெருந்தட்டுப்பாடு உண்டாயிற்று. 1918-இல் அமெரிக்கா இயற்றிய பிட்மன் சட்டத்தின்படி ஏறத்தாழ 27 கோடி டாலர்கள் உருக்கப்பட்டன. அவ்வெள்ளியின் பெரும்பகுதியை ஆங்கில அரசு இந்தியாவிற்கென வாங்கியது. நம் முன்னோர் முடிந்து வைத்த ரூபாயில் அமெரிக்க வெள்ளியும் கலந்திருந்திருக்கக் கூடும்!

பின்னர் வெள்ளியின் விலை ஏறியது. 1963-இல் அது அவுன்சு ஒன்றுக்கு 1.29 டாலரை எட்டியது. அவ்விலையில், டாலர் காசில் உள்ள வெள்ளியே ஒரு டாலர் பெறும். அதற்குமேல் ஏறின் காசை உருக்குவதே ஆதாயம் அன்றோ? மக்கள் வெள்ளிக் காசுகளைப் பதுக்கலாயினர். 1965-ஆம் ஆண்டுச் சட்டம் சிறு காசுகள் சிலவற்றினின்று வெள்ளியை அறவே நீக்கியது.

1971 முதல் 1978 வரை வெளிவந்த ஐசனோவர் டாலரே நம்மைப் பெரிதும் மயக்குவது. ஒருபுறம் குடியரசுத் தலைவர் ஐசனோவரின் முகம். மறுபுறம் நிலவில் இறங்கும் கழுகு. அளவில் பழைய வெள்ளி டாலரை ஒத்தது. ஆயினும், மக்கள் புழக்கத்திற்கு விடப்பட்டதில் வெள்ளி இல்லை. செப்புத் தகட்டின் இருபுறமும் செம்பும் நிக்கலும் கலந்த வெண்தகடு பொருத்தி அதனைச் செய்தனர். காசு சேர்ப்போருக்கென்று சான் பிரான்சிஸ்கோ நாணயச் சாலை தனியே அடித்தவற்றில் மட்டும் நூற்றுக்கு நாற்பது பங்கு வெள்ளி உண்டு. ஆண்டெண்ணுக்கு மேலே காணும் ‘எஸ்’ என்னும் எழுத்து அச்சாலையின் குறி. ஆனால், குறியை மட்டும் கண்டு வெள்ளி என்று துணிதல் கூடாது. 1973 முதல் அங்கேயே வெள்ளியில்லாக் காசுகளும் அக்குறியுடன் அடிக்கப்பட்டன.

ஐயத்தைத் தீர்ப்பது தராசு. வெள்ளியில்லா ஐசனோவர் டாலர் 22.68 கிராம், வெள்ளி கலந்தது ஏறக்குறைய 24.6 கிராம். நகைக்கடைத் தராசு இவ்விரண்டு கிராம் வேறுபாட்டை நொடியில் காட்டிவிடும். 24.6 கிராமில் நாற்பது விழுக்காடு எனின், அதில் உள்ள வெள்ளி ஏறத்தாழ 9.8 கிராம். அதனை அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் உலோக மதிப்புக் கிடைக்கும். தராசு இல்லையேல், காசின் விளிம்பைப் பாருங்கள். சிவந்த செப்புக்கோடு தெளிவாகத் தெரிந்தால் அது வெள்ளிக் காசு அன்று. காந்தம் இங்கே உதவாது. வெள்ளியையும் அது இழுக்காது, செம்பையும் இழுக்காது. இரும்பு கலந்த போலியை மட்டுமே அது காட்டிக்கொடுக்கும்.

1979-இல் தோன்றிய சூசன் அந்தோணி டாலர் சிறியது, வெள்ளி இல்லாதது. 2000 முதல் வரும் பொன்னிற டாலரில் பொன்னும் இல்லை, வெள்ளியும் இல்லை; அதன் மேற்பூச்சு மாங்கனீசு கலந்த பித்தளையே. 1986 முதல் அடிக்கப்படும் வெள்ளிக் கழுகு டாலரோ 31.1 கிராம் எடையுள்ளது, நூற்றுக்கு 99.9 பங்கு வெள்ளி. அதன்மேல் பொறித்த மதிப்பும் ஒரு டாலர்தான்! அம்மதிப்பிற்கு அதனைச் செலவழிப்பார் எவரும் இலர்.

பொறித்த மதிப்பு, உலோக மதிப்பு ஆகிய இரண்டினும் வேறானது, காசு சேர்ப்போர் தரும் மதிப்பு. அது அருமையையும் நிலைமையையும் பொறுத்தது. 1921-இல் பிலடெல்பியாவில் மட்டும் 4 கோடியே 40 இலட்சத்திற்கு மேற்பட்ட மார்கன் டாலர்கள் அடிக்கப்பட்டன. அவற்றின் விலை பெரும்பாலும் வெள்ளி விலையை ஒட்டியே நிற்கும். 1893-இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்தவை ஓர் இலட்சமே. வெள்ளியின் அளவு ஒன்றே ஆயினும், பின்னதன் விலை பன்மடங்கு. அதனால்தான் வேறு சாலையில் அடித்த 1893-ஆம் ஆண்டுக் காசில் ‘எஸ்’ எழுத்தை ஒட்டி ஏமாற்றுவோரும் உளர். அத்தகைய காசை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்காமல் வாங்குதல் தகாது.

பழங்காசு கறுத்திருப்பது கண்டு, குத்துவிளக்கைத் துலக்குவதுபோலப் புளியோ திருநீறோ இட்டுத் தேய்ப்பார் பலர். உரைகல்லில் உரைத்துப் பார்ப்பாரும் உண்டு. நகைக்கு ஏற்ற அச்சோதனை காசுக்கு ஏற்றதன்று. தேய்த்த காசில் நுண்கோடுகள் விழும். அவற்றைக் கண்டதும் சேர்ப்போர் விலையைக் குறைத்துவிடுவர். அதன்பின் அக்காசுக்கு எஞ்சுவது பெரும்பாலும் உருக்கு விலையே.