பிக்அப்பின் மூக்கைத் தூக்கலாமா?

டெக்சாஸில் பிக்அப் வாங்கியதும் பலருக்கு வரும் முதல் ஆசை, வண்டியின் மூக்கைத் தூக்குவது. என் ஃபோர்டு எஃப்-150 புதிதாக வந்தபோதே முன்பக்கம் சற்றுத் தாழ்ந்துதான் நின்றது. அது குறையல்ல. பின்னால் சரக்கு ஏறினால் லீஃப் ஸ்பிரிங் அமுங்கி வண்டி மட்டமாகும் என்று கணக்குப் போட்டே அப்படிச் செய்கிறார்கள்.

மூக்கைத் தூக்க மலிவான வழி, ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த முன் ஸ்ட்ரட்டின் தலையில் வைக்கும் ஸ்பேசர். உயரம் கூடும், ஷாக் பழையதுதான். எண்ணெய் கசிந்து, மேட்டைத் தாண்டிய பிறகும் வண்டி ஆடிக்கொண்டே இருந்தால் ஸ்பேசருக்குக் காசு போடுவது வீண். நான் பில்ஸ்டீன் 5100 என்ற ஷாக் பக்கம் சாய்ந்தேன். அதன் உடலில் வரிவரியாகப் பள்ளம் வெட்டியிருக்கும். வளையத்தை எந்தப் பள்ளத்தில் மாட்டுகிறோமோ, அந்த உயரத்தில் ஸ்பிரிங் உட்காரும். உள்ளே எண்ணெயையும் நைட்ரஜனையும் மிதக்கும் பிஸ்டன் ஒன்று பிரித்து வைப்பதால், கரடுமுரடான சாலையில் சூடேறினாலும் எண்ணெய் எளிதில் நுரைக்காது.

ஆனால் பாரம் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் ஆட்டத்தை அடக்கும், அவ்வளவுதான். டிரெய்லர் இழுப்பவர் மூக்கை மிகவும் தூக்கிவிட்டால், கொக்கியில் பாரம் ஏறியதும் பின்பக்கம் படுத்துவிடும். முகப்பு விளக்கு எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும். அதனால் ஓர் அங்குலத்தோடு நிறுத்திக்கொண்டேன். எவ்வளவு ஏற்றினாலும் வீல் அலைன்மென்ட் பார்த்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் டயர் ஓரம் தேயும். ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றும் வேலையை மட்டும் பட்டறையிலேயே விடுங்கள். நழுவினால் கை போய்விடும்.