மின்னலும் விமானமும்: பாதுகாப்பின் பொருளாதாரம் பற்றிய சில சிந்தனைகள்

இயற்கையின் ஆற்றல்களை மனிதன் அறிந்து வசப்படுத்திய வரலாறு, சமூக வரலாற்றினின்றும் பிரித்து நோக்கத்தக்கதன்று. ஆயின், விஞ்ஞானத்தை ஒரு புறமும் சமூகத்தை மறுபுறமுமாக வகுத்துக் கற்பிக்கும் எமது கல்விமரபிலே, ஒரு தொழில்நுட்பத் தீர்வு எவ்வாறு தோன்றிற்று, அதன் விலையை எவர் கொடுத்தனர், அதனைப் பேணுவதா கைவிடுவதா என்பதை எவர் தீர்மானிக்கின்றனர் என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுவதில்லை. இவ்வினாக்களை எழுப்புதற்கு ஏற்ற உதாரணங்களுள் ஒன்று, ஆகாய விமானத்தை மின்னலினின்றும் காக்கும் முறையாகும்.

பயணிகள் விமானம் ஒவ்வொன்றையும் சராசரியாக ஆண்டுக்கு ஒரு முறையளவில் மின்னல் தாக்குகின்றது எனக் கணிக்கப்பட்டுள்ளது. உள்ளே இருப்போர் ஒரு பேரொலியையும் ஒளிவீச்சையும் உணர்வர். விமானமோ தன் வழியே செல்லும். இத்தாக்குதல்களிற் பெரும்பாலானவை தற்செயலாக நேர்வனவும் அல்ல. மேகத்தின் வன்மையான மின்புலத்தினுள் விமானம் நுழையும்போது, அதன் மூக்கு, இறக்கை நுனி, வால் முதலான கூரிய பகுதிகளிலே அப்புலம் செறிவடைகின்றது. அங்கிருந்தே மின்னிறக்கம் தொடங்கி இருதிசையிலும் வளர்கின்றது. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, 1980 முதல் 1986 வரை எப்-106பி எனும் விமானத்தை இடிமேகங்களினூடே வேண்டுமென்றே செலுத்தி ஆராய்ந்தது. அவ்விமானம் 714 தடவை தாக்கப்பட்டது. அவற்றுட் பெரும்பாலானவற்றை விமானமே தூண்டியிருந்தது என்பது இவ்வாய்வின் முக்கிய முடிவுகளுள் ஒன்று. எனவே, மின்னலைத் தவிர்ப்பதைக் காட்டிலும் அதனைத் தாங்குவதே பாதுகாப்பின் அடிப்படையாகின்றது.

தாங்குதற்கான தத்துவம் பழையது. 1836ஆம் ஆண்டில் மைக்கல் பரடே, பன்னிரண்டு அடிப் பக்கமுடைய கூண்டொன்றைக் கடத்திகளாற் சூழ்ந்து அமைத்து, அதன் வெளிப்புறத்துக்கு வலிய மின்னேற்றம் கொடுத்துத் தாம் உள்ளே இருந்து சோதித்தார். உட்புறத்தில் மின்னின் அறிகுறியே தென்படவில்லை. ஏற்றம் கடத்தியின் வெளிப்பரப்பிலேயே தங்கிற்று. 1935இல் முதன்முதற் பறந்த டக்ளஸ் டீசீ-3 போன்ற விமானங்கள் அலுமினிய உடலைப் பெற்றமைக்கு அவ்வுலோகத்தின் இலேசும் வலிமையுமே காரணங்கள், மின்னல் அன்று. ஆயினும் நல்ல கடத்தியாகிய அலுமினியம், விமானத்தைப் பறக்கும் பரடே கூண்டாகவும் ஆக்கிற்று. பாதுகாப்பானது வேறொரு நோக்கத்தின் உடன்விளைவாக, தனிச் செலவு எதுவுமின்றிக் கிடைத்தது என்பதை இங்கு மனங்கொள்ளல் வேண்டும். பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இதுவே திறவுகோலாகும்.

உலோகக் கூண்டு போதுமானது என்னும் நம்பிக்கை 1963 டிசம்பர் 8ஆம் திகதி தகர்ந்தது. பிலடெல்பியாவில் இறங்குவதற்காக வானில் வட்டமிட்டுக் காத்திருந்த பான் அமெரிக்கன் நிறுவனத்தின் போயிங் 707 விமானம், மின்னல் தாக்கி மேரிலாந்து மாநிலத்தின் எல்க்டன் அருகே வீழ்ந்தது. அதிலிருந்த 81 பேரும் மாண்டனர். இடது இறக்கையின் எரிபொருள் தாங்கியில் இருந்த ஆவி தீப்பற்றி வெடித்தமையே காரணம் என விசாரணை முடிவு செய்தது. எரிபொருளாவியும் காற்றும் உரிய விகிதத்திற் கலந்திருப்பின், ஒரு மில்லியூலின் ஐந்திலொரு பங்கு சக்தியுடைய பொறியே அதனைப் பற்றவைக்கப் போதுமானது. பல்லாயிரம் அம்பியர் பாயும் உடலில், சரியாகப் பொருந்தாத மூடியொன்றோ ஆணியொன்றோ அத்தகைய பொறியை எளிதில் ஈனும்.

விபத்தையடுத்து, இறக்கைகளின் பின்விளிம்பிற் பொருத்தப்படும் சிறுகோல்களான நிலைமின் இறக்கிகள் அவை இல்லாத போயிங் விமானங்களிலும் இடம்பெறல் வேண்டுமெனப் பணிக்கப்பட்டது. இக்கோல்களே மின்னலைத் தடுப்பன எனப் பலரும் கருதுவர், அது தவறு. மழைத்துளி, பனித்துகள் என்பவற்றோடு உராய்வதால் விமானத்தில் திரளும் ஏற்றத்தைச் சிறிது சிறிதாக வெளியேற்றுதலே அவற்றின் பணி. அதன் பயன் வானொலித் தொடர்பிலேயே பெரிதும் காணப்படும். தாங்கிகளின் காற்றுக்குழாய்களையும் மூடிகளையும் மாற்றியமைத்தல், பாகங்களைக் கடத்திகளால் ஒன்றோடொன்று இணைத்தல், தாங்கியின் மேற்றகட்டுத் தடிப்பை ஏறத்தாழ 2 மில்லிமீற்றராகப் பேணுதல் ஆகியனவே மெய்யான காப்புகளாயின.

அத்தடிப்பு ஏன் வேண்டப்பட்டது? இதனை விளக்க, மின்னலின் வெப்பநிலை பற்றிய ஆய்வுகளை நோக்குவோம். எவ்வெப்பமானியும் தாங்கவொண்ணாத அவ்வெப்பத்தை அளக்கத்தக்க சான்று மின்னலின் ஒளி ஒன்றே. மின்னலின் தடத்திலுள்ள நைதரசன் அணுக்கள் இலத்திரனை இழந்து அயன்களாகி, தமக்குரிய குறிப்பிட்ட நிறங்களில் ஒளியை உமிழும். வெவ்வேறு சக்தி நிலைகளினின்று பிறக்கும் இரு நிறக்கோடுகளின் செறிவு விகிதம் வெப்பநிலையோடு மாறுமாதலின், அவ்விகிதத்தை அளந்தால் வெப்பநிலையைக் கணிக்கலாம். அயனாக்கத்துக்கும் வெப்பநிலைக்குமுள்ள தொடர்பைத் தரும் சமன்பாட்டை 1920இல் வகுத்தவர், டாக்கா அருகே ஒரு சிறுகடைக்காரரின் மகனாகப் பிறந்த மேகநாத் சகா என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது. விண்மீன்களை அறிவதற்கு அவர் வகுத்த வழி, மண்ணில் வீழும் மின்னலை அறிதற்கும் துணையாயிற்று.

மெல்லிய கோடாகிய மின்னற்றடமே பிளவுத்துளையாகப் பயன்படுமாதலின், தனிப் பிளவின்றியே அதன் நிறமாலையைப் பதியலாம். றிச்சட் ஓவில் இம்முறையிற் பதிந்து 1968இல் வெளியிட்ட ஆய்வுகள், மின்னலின் மீள்வீச்சு தொடங்கி முதற் பத்து மைக்குரோசெக்கனுக்குள் வெப்பநிலை ஏறத்தாழ 30,000 கெல்வினை எட்டுவதாகக் காட்டின. சூரியனின் மேற்பரப்பு வெப்பநிலையிலும் இது ஐந்து மடங்கு அதிகம். இக்கணிப்புக்கு இரு நிபந்தனைகள் உண்டு. தடத்தின் துகள்கள் யாவும் தம்முள் வெப்பச் சமநிலை எய்தியிருத்தல் வேண்டும்; உமிழப்படும் ஒளி தடத்தினுள்ளேயே உறிஞ்சப்படாமல் வெளிவருதல் வேண்டும். ஆய்வுகூடத்தின் செயற்கை மின்வில்லுகளை அளக்கும்போதும் இவையே கவனிக்கப்படுகின்றன.

ஆனால், 660 பாகை சதமவளவையில் உருகும் அலுமினியத்தை அதிகம் அழிப்பது இவ்வுச்ச வெப்பநிலை அன்று. வன்மையான முதல் வீச்சு சில பத்து மைக்குரோசெக்கன்களில் தணிந்துவிடும். தகட்டிலே சிறு வடுவே எஞ்சும். அதனைத் தொடர்ந்து அரைச் செக்கன் வரை நீடிக்கவல்ல சில நூறு அம்பியர் மின்னோட்டமே தகட்டைத் துளைக்கின்றது. உலோகத்துக்குச் செல்லும் வெப்பம் முக்கியமாகப் பாய்ந்த ஏற்றத்தின் அளவைப் பொறுத்தது. சோதனைகளிற் கொள்ளப்படும் 200 கூலோம் ஏற்றம், மின்வில்லின் அடியிலுள்ள ஏறத்தாழ 10 வோல்ற்று வீழ்ச்சியினூடு சென்றால் 2,000 யூல் வெப்பமாகும். வெப்பக்கடத்தல் இழப்பைத் தவிர்த்து நோக்கின், அது இரண்டு கிராம் அலுமினியத்தை உருக்கும். விமானம் முன்னே செல்ல, மின்னற்றடம் வானில் ஏறத்தாழ நிலையாக நிற்பதால், தாக்குமிடம் பின்னோக்கி நகர்ந்து வெப்பம் பல புள்ளிகளிற் பகிரப்படும். பின்விளிம்பை அடைந்தபின் அது நகர இடமில்லை. அழகுக்காகப் பூசப்படும் தடித்த வண்ணமும் தடத்தை ஓரிடத்தில் நிறுத்திச் சேதத்தை மிகுவிக்கும். கண்ணைப் பறிக்கும் உச்சத்திலும், கவனிக்கப்படாத நீட்சியே ஆபத்தானது என்பதை இவ்வாய்வுகள் உணர்த்துகின்றன.

அண்மைக் காலத்தில் இச்சமநிலையின் அடித்தளமே மாறியுள்ளது. 2011இல் சேவைக்கு வந்த போயிங் 787 விமானத்தின் நிறையில் ஏறத்தாழ அரைப்பங்கு, காபன் இழையாலும் பிசினாலும் ஆன கலப்புப் பொருளாகும். 2015இல் வந்த எயார்பஸ் ஏ350 விமானமும் அத்தகையதே. எரிபொருட் செலவைக் குறைப்பதே இம்மாற்றத்தின் பிரதான நோக்கம். காபன் இழைப்பொருளின் கடத்துதிறன் அலுமினியத்தினதிலும் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு குறைவு. மின்னல் பாயும்போது பிசின் ஆவியாகி, படைகள் பிரிந்து கிழியும். ஆகவே மேற்பரப்பின் அடியில் மெல்லிய செப்புவலை பதிக்கப்படுகின்றது. தாங்கியை ஊடறுக்கும் ஆணிகளுக்குக் காவலிடப்படுகின்றது. தாங்கியின் வெற்றிடத்தில் நைதரசன் செறிந்த வளி நிரப்பப்படுகின்றது.

உடலுலோகத்தோடு ஒன்றியிருந்த பாதுகாப்பு, இப்போது நிறையும் விலையும் குறிக்கப்பட்ட தனிப் பொருளாகப் பிரிந்து நிற்கின்றது. கணக்கேட்டில் தனி வரியாக எழுதப்பட்ட எதுவும் அடித்துவிடப்படலாம். இது வெறும் ஊகமன்று. 787 இறக்கையின் ஒரு பகுதியிலிருந்து செப்புத் தகட்டையும் ஆணிகள் சிலவற்றின் காவல் மூடிகளையும் போயிங் நிறுவனம் நீக்கியமை 2019இல் வெளிச்சத்துக்கு வந்தது. அமெரிக்க மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் தொழில்நுட்ப வல்லுநர் இம்மாற்றத்தை முதலில் மறுத்தனர். நிறுவனம் முறையிட்டபின் நிர்வாகம் அதனை ஏற்றது. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் போக்குவரத்துக் குழுத் தலைவராயிருந்த பீற்றர் டிபாசியோ இதுபற்றி எழுத்தில் வினவினார். எஞ்சிய காப்புகள் போதுமானவை என்பது நிறுவனத்தின் வாதம். மின்னலால் 787 விமானம் எதுவும் இதுவரை வீழ்ந்ததில்லை என்பதும் உண்மையே.

ஆயினும், வீழாமை ஒன்றே நியாயமாகாது. 1963 டிசம்பர் 7ஆம் திகதி வரை அந்த 707 விமானமும் வீழ்ந்ததில்லை. பேரழிவைத் தரும் பழுது நூறு கோடிப் பறப்பு மணித்தியாலத்துக்கு ஒன்றை மிஞ்சலாகாது என்னும் அளவுகோல் விமானத் துறையில் உண்டு. அவ்வளவுகோலின்படி கணக்கிடுவோர் பெரும்பாலும் உற்பத்தியாளரின் ஊழியரே. காப்பு நீக்கத்தாற் சேமிக்கப்படும் பணம் நிறுவனத்துக்கும், எஞ்சும் ஆபத்துப் பயணிக்கும் விமானப் பணியாளருக்கும் உரியனவாகின்றன. மின்னலின் வெப்பநிலையை அளந்த அறிவு எவரது தனியுடைமையுமன்று. தலைமுறைகளின் உழைப்பாலும் 81 பேரின் சாவாலும் சமூகம் ஈட்டிய சொத்து அது. எனவே, பதிக்கப்பட்ட செப்புவலையை நீக்கலாமா என்னும் வினாவும் சமூகத்தின் முன் வெளிப்படையாக விடுவிக்கப்பட வேண்டியதேயன்றி, நிறுவனத்தின் மூடிய கதவுகளுக்குள் தீர்க்கப்படத்தக்கதன்று.