கடைசிக் கோப்பையும் சூடாக: ஸ்லோ குக்கரில் ஹாட் சாக்லேட்

டொரண்டோவில் ஒரு ஜனவரி ஞாயிறு. பனியில் விளையாடிய பிள்ளைகள் மூக்கு நுனி சிவக்க வீட்டுக்குள் வருகிறார்கள். பெரியப்பா வீட்டிலிருந்தும் நான்கு பேர் வந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் ஹாட் சாக்லேட் வேண்டும். வீட்டில் ஒருவர் அடுப்பை விட்டு நகர முடியாது. பால் பொங்காமல் பார்க்க வேண்டும், அடிப்பிடிக்காமல் கிண்ட வேண்டும், ஒவ்வொருவருக்கும் ஊற்றிக் கொடுக்க வேண்டும். பத்தாவது கோப்பைதான் அவருக்கு. அதற்குள் அது ஆறிவிடும்.

அந்தப் பத்தாவது கோப்பைக்காகவே இதை எழுதுகிறேன். ஸ்லோ குக்கர் இருந்தால் அடுப்பருகே யாரும் காவல் நிற்க வேண்டியதில்லை.

ஸ்லோ குக்கர் என்றால் என்ன? தடித்த பீங்கான் பானை, அதைச் சுற்றிச் சூடேற்றும் கம்பி பதித்த மின்கூடு, மேலே ஒரு கண்ணாடி மூடி. அவ்வளவுதான். பிரஷர் குக்கர் பத்து நிமிடத்தில் முடிப்பதை இது பல மணி நேரம் எடுத்து, குறைந்த சூட்டில் செய்யும். சிகாகோவில் வாழ்ந்த இர்விங் நாக்சன் 1940இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். லித்துவேனியாவில் யூதக் குடும்பங்கள் பீன்ஸ் பானையை ஊர் பேக்கரி அடுப்பின் மிச்சச் சூட்டில் இரவு முழுக்க வைத்து, மறுநாள் எடுத்து உண்பார்களாம். அம்மா சொன்ன அந்தக் கதையிலிருந்துதான் அவருக்கு இந்த யோசனை வந்தது. 1971இல் 'கிராக்-பாட்' என்ற பெயரில் கடைக்கு வந்த பிறகு அமெரிக்க வீடுகளில் பரவியது.

பீன்ஸ் வேக வைக்கும் பானையில் பாலை ஏன் வைக்க வேண்டும்? அடுப்புத் தீ பாத்திரத்தின் அடியைத்தான் தாக்குகிறது. பாலின் புரதம் அடியில் ஒட்டித் தீய்வது அதனால்தான். ஸ்லோ குக்கரில் சூடு பக்கங்களிலிருந்து பரவி, பீங்கான் வழியாக மெல்ல இறங்குகிறது. தீய்ந்த வாடை வர வாய்ப்பு குறைவு. பால் சட்டென்று பொங்கி வழிவதும் இல்லை.

எல்லா நேரத்துக்கும் இதுவே ஏற்றதா? இல்லை. ஒருவருக்கோ இருவருக்கோ என்றால் அடுப்பில் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். பானை பாதியாவது நிறைந்தால்தான் ஸ்லோ குக்கர் ஒழுங்காக வேலை செய்யும். ஆறு பேருக்கு மேல் என்றால் இதை எடுங்கள்.

என்னென்ன வேண்டும்? 4 லிட்டர் குக்கரில், 200 மி.லி. கோப்பைக்குப் பத்துப் பேருக்கான அளவு இது:

கொழுப்பு நிறைந்த பால் – 1¾ லிட்டர்
க்ரீம் – 250 மி.லி. (இல்லையென்றால் அதே அளவு பால்)
இனிப்பில்லாத கோகோ பொடி – 60 கிராம் (தலை தட்டிய 12 மேசைக்கரண்டி)
சர்க்கரை – 100 கிராம்
டார்க் சாக்லேட் – 150 கிராம்
உப்பு – கால் தேக்கரண்டி
வெனிலா எசென்ஸ் – 2 தேக்கரண்டி

கோகோ பொடி, சாக்லேட் இரண்டும் எதற்கு? கோகோ விதையை அரைத்த விழுதிலிருந்து கொழுப்பில் பெரும்பகுதியைப் பிழிந்து எடுத்த பின், மிஞ்சும் பிண்ணாக்கைப் பொடித்தால் அது கோகோ பொடி. நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பம் 1828இல் காப்புரிமை பெற்ற முறை இது. சாக்லேட்டிலோ அந்தக் கொழுப்பு இருக்கும். பொடி நிறமும் மணமும் தரும், சாக்லேட் நாக்கில் படியும் கெட்டித்தன்மை தரும். பொடி மட்டும் போட்டால் பானம் நீர்த்திருக்கும். சாக்லேட் மட்டும் போட்டால் செலவு கூடும், மணம் குறையும்.

கடையில் விற்கும் 'ட்ரிங்கிங் சாக்லேட்' பொடியைப் போடலாமா? போடலாம், ஆனால் முதலில் பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். பெரும்பாலானவற்றில் முதல் பொருளாக இருப்பது சர்க்கரைதான். அப்படியானால் மேலே சொன்ன 100 கிராம் சர்க்கரையை விட்டுவிடுங்கள். கோகோ பொடியிலும் 'ஆல்கலைஸ்டு' (காரப்பொருள் சேர்த்துப் புளிப்பைத் தணித்தது) என்று போட்டது கிடைத்தால் அதையே வாங்குங்கள். பால் திரியும் வாய்ப்பு குறையும், நிறமும் கருமையாக வரும்.

இனி செய்முறை. முதல் வேலை, கோகோ பொடியைக் கரைப்பது. இதில்தான் பலருக்கும் தவறுகிறது, எனக்கும் முதல் தடவை தவறியது. குளிர்ந்த பாலின் மேல் பொடியைக் கொட்டி மூடிவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் சுண்டைக்காய் அளவு உருண்டைகள் மிதந்தன. கரண்டியால் நசுக்கினால் உள்ளே உலர்ந்த பொடி அப்படியே இருந்தது. பொடியில் மிச்சமிருக்கும் கொழுப்பு நீரோடு எளிதில் சேராது என்பதே காரணம்.

கேழ்வரகுக் கூழுக்கு மாவைத் தனியே கரைத்து ஊற்றுவோம் அல்லவா? அதே வழிதான் இங்கேயும். ஒரு கிண்ணத்தில் கோகோ பொடி, சர்க்கரை, உப்பு மூன்றையும் உலர்வாகக் கலந்துகொள்ளுங்கள். எடுத்து வைத்த பாலில் ஒரு கோப்பையைச் சூடாக்கி, சிறிது சிறிதாக ஊற்றிக் குழையுங்கள். முதலில் ஈரமண் போல உதிரும். இன்னும் இரண்டு கரண்டி பால் விட்டதும் இட்லி மாவுப் பதத்துக்கு வந்து, கரண்டியிலிருந்து பளபளவென்று வழியும். கட்டி இல்லை என்பதற்கு அந்தப் பளபளப்பே அடையாளம்.

அடுத்து, மீதிப் பாலையும் க்ரீமையும் பானையில் ஊற்றி, இந்த விழுதைச் சேர்த்துக் கலக்குங்கள். மூடி போட்டு, முதல் ஒரு மணி நேரம் 'ஹை'யில் வையுங்கள். நடுவே ஒரு முறை அடிவரை கிண்டிவிடுங்கள்.

சாக்லேட்டை எப்போது போடுவது? அந்த ஒரு மணி நேரம் முடிந்து, பால் நன்றாகச் சூடேறிய பிறகு. குளிர்ந்த பாலில் போட்டால் துண்டுகள் அடியில் தங்கி ஒட்டிக்கொள்ளும். பட்டாணி அளவுக்கு நறுக்கிப் போட்டு, இரண்டு நிமிடம் விட்டுக் கிண்டினால் கரைந்துவிடும். இனி 'லோ'வுக்கு மாற்றி, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை வையுங்கள். அரை மணிக்கு ஒரு முறை கிண்டினால் போதும். அடிக்கடி மூடியைத் திறந்தால் சேர்ந்த சூடெல்லாம் வெளியேறி, நேரம் நீளும்.

தயாரா என்று எப்படித் தெரியும்? பானையின் விளிம்பைப் பாருங்கள். பாலும் பீங்கானும் சேரும் இடத்தில் கடுகளவு குமிழிகள் வட்டமாக அணிவகுத்திருக்கும். நடுப்பகுதி அசையாமல் ஆவி விடும். அந்தக் கட்டத்தில் வெனிலாவை ஊற்றிக் கலக்கி 'வார்ம்' (சூடு ஆறாமல் காக்கும் நிலை) வைத்துவிடுங்கள். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் 70 முதல் 75 டிகிரி செல்சியஸ் சரியான அளவு. குக்கருக்குக் குக்கர் வேகம் மாறும். கடிகாரத்தைவிட அந்தக் குமிழிகளை நம்புங்கள்.

ஆரம்பத்திலிருந்தே 'வார்ம்'மில் வைத்தால் என்ன? அதை மட்டும் செய்யாதீர்கள். அது சூட்டைக் காக்கும் நிலை, சூடேற்றும் நிலை அல்ல. 5 முதல் 60 டிகிரி வரையிலான வெதுவெதுப்பில்தான் பாலில் கிருமிகள் வேகமாகப் பெருகும். குளிர்ந்த பாலை 'வார்ம்'மில் வைத்தால் மணிக்கணக்கில் அந்த வெதுவெதுப்பிலேயே கிடக்கும்.

'ஹை'யிலேயே விட்டுவிட்டு வெளியே போகலாமா? கூடாது. ஸ்லோ குக்கரும் நேரம் போகப் போகக் கொதிநிலையை நெருங்கிவிடும். நீண்ட நேரம் கொதித்தால் புரதம் திரண்டு, பானம் மணல் மணலாகத் தெரியும். அப்படி ஆனால் உடனே அணைத்து, மத்தால் நன்றாகக் கடைந்துவிடுங்கள். பாதிக்கு மேல் சரியாகும்.

மேலே ஏடு படிகிறதே? பாலின் மேற்பரப்பு உலர்ந்து புரதம் சேர்வதால் வருவது அது. கெட்டுப்போனதல்ல. கிண்டினால் கலந்துவிடும்.

அடியில் வண்டல் தங்குகிறதே? கோகோ பொடி பாலில் கரைவதில்லை, நுண்ணிய துகளாக மிதக்கிறது. அதனால் எடுக்கும்போதெல்லாம் குழிக்கரண்டியை அடிவரை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி மொண்டு ஊற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முதலில் எடுப்பவருக்கு வெறும் இனிப்புப் பாலும் கடைசியில் எடுப்பவருக்குக் கசப்புச் சேறும் கிடைக்கும்.

சர்க்கரைக்குப் பதில் வெல்லமோ நாட்டுச்சர்க்கரையோ போடலாமா? பாயசத்தில் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். வெல்லத்தின் புளிப்பு, கொதிக்கும் பாலைத் திரித்துவிடும். போட விரும்பினால் தனியே பாகாகக் காய்ச்சி வடிகட்டி ஆறவைத்து, குக்கரை அணைத்த பிறகு கலந்து பரிமாறிவிடுங்கள். இஞ்சியிலும் இதே கவனம் தேவை. பச்சை இஞ்சிச் சாறு பாலைத் திரிக்கும், சுக்குப் பொடி திரிக்காது.

மணத்துக்கு வேறு என்ன போடலாம்? ஒரு துண்டு பட்டையைத் தொடக்கத்திலேயே போடுங்கள். சாக்லேட்டில் பட்டை சேர்ப்பது மெக்சிகோவின் வழக்கம். அங்கே அதற்குப் பயன்படும் மெல்லிய பட்டையில் பெரும்பங்கு இலங்கையிலிருந்து போகும் கறுவாதான். யாழ்ப்பாணத்து வீடுகளில் டப்பாவில் இருக்கும் அதே கறுவா. இரண்டு ஏலக்காயைத் தட்டிப் போட்டாலும் நன்றாக இருக்கும்.

மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு? தேங்காய்ப்பால் நன்றாகப் பொருந்தும். கொதித்தால் பிரியும் என்பதால் 'லோ'வின் மிதமான சூடு அதற்கு ஏற்றது. சாக்லேட்டிலும் பால் இல்லையா என்று உறையைப் பார்த்து வாங்குங்கள்.

மார்ஷ்மெல்லோ மிதக்க விடலாமா? சைவக் குடும்பங்கள் இங்கே கவனிக்க வேண்டும். வழக்கமான மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் (விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் பசை) இருக்கும். ஜெலட்டின் இல்லாத வகை தனியே விற்கிறது. அதற்குப் பதில் கொஞ்சம் சாக்லேட்டைத் துருவித் தூவினாலும் பிள்ளைகள் மகிழ்வார்கள்.

எவ்வளவு குடிக்கலாம்? இந்த அளவில் ஒரு கோப்பையில் சேர்த்த சர்க்கரை ஏறத்தாழ 15 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. ஆகவே ஒரு கோப்பை, வாரத்தில் ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்காக, சர்க்கரையைப் பானையில் பாதியாகக் குறைத்து, வேண்டியவர் கோப்பையில் சேர்த்துக்கொள்ளும்படி வைக்கலாம். கோகோவில் கொஞ்சம் காஃபீனும் உண்டு. காபியைவிட மிகக் குறைவுதான், ஆனாலும் சிறு பிள்ளைகளுக்குப் படுக்கப் போகும் நேரத்தில் கொடுக்க வேண்டாம்.

வீட்டில் நாய் இருக்கிறதா? மிச்சத்தை அதற்கு ஊற்றிவிடாதீர்கள். கோகோவில் உள்ள தியோப்ரோமின் நாய்களுக்கு நஞ்சு.

குழந்தைகள் சுட்டுக்கொள்ள மாட்டார்களா? இதை எல்லாவற்றையும்விட முக்கியமாக நினையுங்கள். 70 டிகிரி பால் பிஞ்சுத் தோலை நொடியில் சுட்டுவிடும். குக்கரை மேசை ஓரத்தில் வைக்காமல் சுவரை ஒட்டி உள்ளே தள்ளி வையுங்கள். வயர் கீழே தொங்கக் கூடாது. சிறியவர்களுக்குப் பெரியவர் ஒருவர் ஊற்றி, ஐந்தாறு நிமிடம் ஆறவிட்டுக் கொடுக்கட்டும். பெரியவர்களும் கொஞ்சம் பொறுத்துக் குடிப்பது நல்லது. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பழக்கம் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வழிவகுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016இல் எச்சரித்தது.

'வார்ம்'மில் எவ்வளவு நேரம் விடலாம்? இரண்டு மணி நேரம் வரை சுவை மாறாது. அதன் பிறகு கெட்டியாகி அடியில் படியத் தொடங்கும். மிஞ்சியதைச் சிறு பாட்டில்களில் ஊற்றி, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் இருக்கும். திரும்பச் சூடாக்குவது அடுப்பில்தான், ஸ்லோ குக்கரில் அல்ல.

பானையைக் காப்பாற்றவும் ஒரு வார்த்தை. சூடான பீங்கானில் குளிர்ந்த பாலையோ தண்ணீரையோ ஊற்றினால் விரிசல் விழும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பானையை நேரே சூட்டில் வைத்தாலும் அப்படித்தான். ஆறவிட்டு, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கழுவுங்கள்.

கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவந்த குக்கரைச் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ பயன்படுத்தலாமா? அப்படியே சொருகாதீர்கள். அது 120 வோல்ட்டுக்குச் செய்தது, இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட். கருகிவிடும். பிளக்கின் வடிவத்தை மாற்றும் சிறு அடாப்டர் வோல்ட்டைக் குறைக்காது.

ஸ்லோ குக்கரே இல்லையென்றால்? அடிகனமான பாத்திரத்தில் மிதமான தீயில் இதே முறையில் காய்ச்சி, வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி வைத்த பெரிய ஃப்ளாஸ்க்கில் நிரப்பிவிடுங்கள். ஊற்றும் முன் குலுக்கினால் வண்டலும் கலந்துவிடும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ குளிரும் மாலைக்கு அது போதும்.

கடைசியாக, பரிமாறும் முறை. குக்கருக்கு அருகே கோப்பைகளை அடுக்குங்கள், குழிக்கரண்டியை ஒரு தட்டில் வையுங்கள், வேண்டும்போது அவரவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிடுங்கள். பிறகு நீங்களும் போய் எல்லோருடனும் உட்காருங்கள். முதல் கோப்பையை நீங்களே எடுத்துக்கொண்டாலும், மற்ற யாருடையதும் ஆறிப்போகாது.