எந்தச் சுண்டால் அளப்பது?

அன்று எங்கள் வீட்டில் இராச் சாப்பாடு பாதியில் நின்று போனது. காரணம் உப்போ புளியோ அல்ல, உதைபந்தாட்டம். இந்தக் காலத்தின் மிகச் சிறந்த முன்கள வீரர் யார் என்ற கேள்வியில் வாப்பாவும் மகனும் மோதிக் கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், இருவரும் சொன்ன பெயர் ஒன்றுதான்: ரொனால்டோ. வாப்பா சொன்னது பிரேஸில் நாட்டு ரொனால்டோவை. மகன் சொன்னது போர்த்துக்கலின் கிறிஸ்டியானோ ரொனால்டோவை.

"உங்களுக்கு எப்பவும் பழைய கதைதான், வாப்பா" என்று மகன் எழுந்து போய்விட்டான். பீங்கானில் சோறு ஆறிக் கிடந்தது. இடையில் ஏதோ சொல்ல வந்த மகளை, "உனக்குப் பந்தைப் பற்றி என்ன தெரியும்?" என்று இருவருமே அடக்கிவிட்டார்கள். அதன் பிறகு இரண்டு நாட்கள் வாப்பாவும் மகனும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சகோதரிகளே, இது உங்கள் வீட்டிலும் நடக்கக் கூடியதுதான். பந்தாட்டம் நமக்கு எதற்கு என்று நான் ஒதுங்கி இருந்திருக்கலாம். ஆனால் பிள்ளை கோபித்துக் கொண்டு போன விடயம் என்னவென்று தாய் விளங்கிக் கொள்ள வேண்டாமா? தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

வாப்பாவின் ரொனால்டோ

1996-97 பருவகாலத்தில் பார்சிலோனா அணிக்காக 49 போட்டிகளில் 47 கோல்கள் அடித்தவர் இவர். 1997இல், தமது 21ஆவது வயதில், பலோன் டோர் விருதைப் பெற்றார். வேகமாக ஓடியபடியே பந்தைக் காலோடு வைத்திருந்து, கோல் காப்பாளரையும் தாண்டிச் செல்வது அவரது தனித் திறமை.

ஆனால் 1999இல் முழங்கால் காயமடைந்தது. 2000 ஏப்ரலில் மீண்டும் களமிறங்கிய சில நிமிடங்களிலேயே அதே முழங்கால் முற்றாகப் பழுதடைந்தது. இனி இவர் ஆடுவாரா என்று உலகமே சந்தேகித்தது. 2002 உலகக் கிண்ணத்தில் அதே மனிதர் 8 கோல்கள் அடித்தார். யொகொஹாமாவில் நடந்த இறுதிப் போட்டியில் ஜேர்மனியை பிரேஸில் 2-0 என வென்றபோது இரண்டு கோல்களும் அவருடையவையே. அந்த ஆண்டு பலோன் டோர் மீண்டும் அவரைத் தேடி வந்தது. விழுந்தவர் எழுந்ததைத் தம் கண்ணால் பார்த்ததால்தான் என் கணவர் இன்றும் அவரை விட்டுக் கொடுப்பதில்லை.

மகனின் ரொனால்டோ

மகனின் பக்கமும் இலேசானதல்ல. கிறிஸ்டியானோ ரொனால்டோ 2009 முதல் 2018 வரை ரியல் மெட்ரிட் அணிக்காக 438 போட்டிகளில் 450 கோல்கள் அடித்தார். போட்டிகளை விடக் கோல்கள் அதிகம்! ஈரானின் அலி தாயி தமது நாட்டுக்காக அடித்த கோல்களின் எண்ணிக்கை நீண்ட காலம் ஆண்களுக்கான சர்வதேசச் சாதனையாக இருந்தது. 2021 செப்டம்பரில் அதை முறியடித்தவரும் இவரே. அப்போது அவருக்கு வயது 36. உடலைப் பேணி, ஒழுங்காகப் பயிற்சி செய்து, ஆண்டுக்கணக்கில் நிலைத்து நிற்பதும் ஒரு பெருமைதானே?

எனினும் ஒரு குறையும் உண்டு. 2006 முதல் 2022 வரை ஐந்து உலகக் கிண்ணங்களில் அவர் அடித்த 8 கோல்களும் முதற் சுற்றில் அடிக்கப்பட்டவை. தோற்றால் வீடு திரும்ப வேண்டிய போட்டிகளில் ஒன்றேனும் இல்லை.

ஆக, வாப்பா அளந்தது பெரிய நாளின் ஆட்டத்தை. மகன் அளந்தது எண்ணிக்கையையும் நீண்ட உழைப்பையும். அரிசியைச் சுண்டால் அளக்கிறோம், துணியை யாரால் அளக்கிறோம். ஒருவர் சுண்டோடும் மற்றவர் யார்க்கோலோடும் நின்றால் சண்டை எப்படித் தீரும்?

எண்ணிக்கையில் அடங்காதது

ஜேர்மனியின் மிரோஸ்லாவ் குளோசேயை எங்கள் வீட்டில் இருவருமே சொல்லவில்லை. பார்ப்போரைக் கவரும் ஆட்டம் அவருடையதல்ல. ஆனால் நான்கு உலகக் கிண்ணங்களில் 16 கோல்கள் அடித்தார். 2014 அரையிறுதியில், பிரேஸில் மண்ணிலேயே, பிரேஸிலின் ரொனால்டோ வைத்திருந்த 15 கோல் சாதனையை அவர் கடந்தார்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. 2012 செப்டம்பரில் இத்தாலியில், நாப்போலி அணிக்கு எதிராக லாஸியோவுக்காக அவர் போட்ட பந்து கையில் பட்டு உள்ளே போனது. நடுவர் கோல் என்று அறிவித்துவிட்டார். குளோசே தாமாகவே நடுவரிடம் சென்று, கையில் பட்டது என்று ஒப்புக் கொண்டார். கோல் நீக்கப்பட்டது. அவரது அணி 3-0 எனத் தோற்றது. அந்தக் கோல் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆனாலும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க கோல் அதுதான்.

மகளுக்குத் தெரிந்தது

மூன்றாம் நாள் மகளிடம், "அன்றைக்கு என்ன சொல்ல வந்தீங்க, மகள்?" என்று கேட்டேன். "மார்த்தாவைப் பற்றி, உம்மா" என்றாள்.

மார்த்தாவும் பிரேஸில்தான். அந்த நாட்டில் 1941இல் வந்த ஒரு சட்டம் பெண்கள் உதைபந்தாடுவதைத் தடுத்தது. 1979 வரை அந்தத் தடை இருந்தது. அது நீங்கி ஏழு ஆண்டுகளின் பின், 1986இல், அலகோவாஸ் மாநிலத்தின் ஒரு சிற்றூரில் மார்த்தா பிறந்தார். 2019இல் இத்தாலிக்கு எதிராக அவர் அடித்தது உலகக் கிண்ணத்தில் அவரது 17ஆவது கோல். அதுவரை ஆணோ பெண்ணோ எவரும் அந்த எண்ணிக்கையை எட்டியிருக்கவில்லை.

அன்றிரவு சாப்பாட்டின்போது மகளை முதலில் பேச விட்டேன். அவள் 17 என்றதும் மகன் குளோசேயின் 16ஐ விரலில் எண்ணிப் பார்த்தான். வாப்பா சிரித்துவிட்டார். "நாங்க ரெண்டு பேரும் இந்தப் பிள்ளையை விட்டுட்டோமே" என்றார். பிறகு மகன் வாப்பாவிடம், "2002 இறுதிப் போட்டியை நீங்க எங்க இருந்து பார்த்தீங்க?" என்று கேட்டான். அந்தக் கதை முடிய வெகு நேரமாயிற்று.

என்னிடம் கேட்டால், பெரிய நாளுக்கு பிரேஸிலின் ரொனால்டோ, நீண்ட பயணத்துக்கு கிறிஸ்டியானோ என்பேன். வாப்பாவும் மகனும் இதை இன்னும் ஏற்கவில்லை. ஏற்கவும் வேண்டாம். சகோதரிகளே, வீட்டில் விவாதம் வந்தால் வாயை மூடச் சொல்லாதீர்கள். எதைக் கொண்டு அளக்கிறீர்கள் என்று மட்டும் கேளுங்கள். பேசாமல் இருக்கும் பிள்ளையிடமும் ஒரு முறை கேளுங்கள்.